விளக்கு வைக்கும் நேரத்து வசவு

சேலத்தில் ஆறரை மணி சீரியலைக் கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் கேட்கிற வீடுகள் நிறைய. சிவதாபுரம், பனங்காடு பக்கம் கொலுசு வேலை நடக்கிற வீட்டில் டிவி ஒரு மூலையில் ஓடும். கண் வெள்ளிக் கம்பியிலும் பற்றவைக்கிற நெருப்பிலும் இருக்கும். அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை தறி வீடுகளில் விசைத்தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று ஒலியைக் கூட்டி வைப்பார்கள். மாமியார் மருமகளைத் திட்டுவது மூன்று வீடு தள்ளிக் கேட்கும். பாயில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற பிள்ளைக்கும் அது கேட்கும். அதனால் சீரியலில் ஒரு சொல்லை அமுக்குவதும் மாற்றுவதும் அப்படியே விடுவதும் இந்த ஊருக்கு முழுக்கக் காதின் விவகாரம்.

அந்த நேரத்தையும் கவனிக்க வேண்டும். ஆறு, ஆறரை என்பது நம் வீடுகளில் விளக்கு வைக்கும் நேரம். அந்த நேரத்தில் வாய்க்கு ஏற்கெனவே ஒரு கட்டுப்பாடு உண்டு. "நாசமா போ", "செத்துத் தொலை" என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் "விளக்கு வச்ச நேரத்துல என்ன பேச்சு இது" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். விளக்கை அணை என்று சொல்ல மாட்டார்கள், குளிர வை என்பார்கள். தாலிக்கயிறு அறுந்தால்கூட "பெருகிடுச்சு" என்பார்கள். நன்னூல் இதற்கு மங்கலம் என்று பெயர் வைத்து, இடக்கரடக்கலுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறது. அதற்கும் வெகுகாலம் முன்பே தொல்காப்பியத்தின் எச்சவியல் "அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்" என்று சொல்லிவிட்டது. சபையில் சொல்லக் கூடாததை மறைத்துச் சொல் என்பது விதி. அடுத்த நூற்பா இன்னும் நுட்பமானது: "மறைக்குங் காலை மரீஇயது ஒராஅல்". பழகிப் பழகிக் கூச்சம் போய்விட்ட சொல்லை மறைக்க வேண்டாம், அதை விட்டுவிடு என்கிறது.

இந்த இரண்டு நூற்பாவும் சொல்லின் பொருளைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்கின்றன. இன்றைய சீரியல் தணிக்கை சொல்லின் ஓசையை மட்டும் பார்க்கிறது. என் குறை இது ஒன்றுதான்.

முதலில் சட்டம். சினிமாவுக்குத் தணிக்கை வாரியம் உண்டு. சீரியலை ஒளிபரப்புக்கு முன் வெளியாள் எவரும் பார்த்துச் சான்றிதழ் தருவதில்லை. அரை மணி நேர இடத்தில் விளம்பரம் போகக் கதை ஏறக்குறைய 22 நிமிடம் நிற்கும். வாரம் ஆறு நாள் என்றால் 132 நிமிடம், அதாவது வாரத்துக்கு ஒரு முழுநீளப் படம். படத்துக்கு ஒரு குழு உட்கார்ந்து பார்க்கிறது. இதற்குச் சேனலுக்குள்ளேயே எஸ் அண்ட் பி (ஸ்டாண்டர்ட்ஸ் அண்ட் பிராக்டிசஸ்) என்று சொல்கிற, எதைப் போடலாம் எதைப் போடக் கூடாது என்று பார்க்கிற ஒரு பிரிவு மட்டும்தான். எபிசோடு சில சமயம் ஒளிபரப்பாகும் நாளன்றே அவர்கள் கைக்கு வரும். அந்த அவசரத்தில் பொருளை யோசிக்க நேரம் எங்கே? பட்டியலில் இருக்கிற சொல் காதில் விழுகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

கையில் இருக்கிற விதி 1995ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின் கீழ் வருகிற 1994ஆம் ஆண்டு விதிகள். முதலில் அவசரச் சட்டமாக வந்ததால் விதிக்கு ஒரு வயது கூட. அதில் 6ஆம் விதிதான் நிகழ்ச்சி நெறி. நல்ல ரசனைக்கும் கண்ணியத்துக்கும் மாறானது கூடாது; பெண்களை இழிவுபடுத்தக் கூடாது; குழந்தைகளை இழிவுபடுத்தக் கூடாது; ஓர் இனத்தை, மொழிக்காரர்களை, வட்டாரத்தாரை ஏளனமாகக் காட்டுகிற சொல்லும் காட்சியும் கூடாது. குழந்தைகளுக்கான நிகழ்ச்சியில் கெட்ட வார்த்தை கூடாது. குழந்தைகளுக்கு ஏற்காத நிகழ்ச்சியை, குழந்தைகள் அதிகமாகப் பார்க்கிற நேரத்தில் போடக் கூடாது. அந்த நேரம் எது என்று கடிகாரம் காட்டி விதி சொல்லவில்லை. ஒளிபரப்பாளர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட நெறிதான் பொதுவானது, கட்டுப்படுத்தப்பட்டது என்று இரண்டாகப் பிரித்து, இரண்டாவது வகையை இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணிக்குள் தள்ளியிருக்கிறது.

பிரிட்டனில் கடிகாரம் உண்டு. இரவு 9 மணிதான் அங்கே கோடு. அங்கேயும் குடும்பத் தொடர்கள் அந்தக் கோட்டுக்கு முன்னால்தான் ஓடுகின்றன. 9 மணிக்கு முன் மிகக் கடுமையான சொற்கள் அறவே கூடாது. மற்ற வசவுகளும் சூழல் நியாயப்படுத்தினால் ஒழியக் கூடாது, அப்படியும் அடிக்கடி கூடாது என்பது அங்குள்ள ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காமின் நெறி. எனக்குப் பிடித்தது அவர்கள் செய்த இன்னொரு காரியம். 2016இலும் 2021இலும் சாதாரணப் பார்வையாளர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எந்தச் சொல் எவ்வளவு குத்துகிறது என்று கேட்டுத் தரம் பிரித்து வெளியிட்டார்கள். தமிழில் அப்படி ஒரு கேள்வியைத் தறி வீட்டுப் பெண்களிடமும் பள்ளிப் பிள்ளைகளிடமும் கேட்டுப் பார்த்தால், சேனல் பட்டியலும் அவர்கள் பட்டியலும் ஒன்றாக இருக்காது.

ஏன் இருக்காது என்பதற்கு மூன்று சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: முண்டை, கம்மனாட்டி, அறுதலி. மூன்றுக்கும் பொருள் ஒன்றே, கணவனை இழந்தவள். முண்டை மழித்த தலையிலிருந்து வந்தது. கம்மனாட்டி என்பது கைம்பெண்டாட்டி தேய்ந்தது. ஆண்பிள்ளையைத் திட்டவும் இதே சொல்லை எடுக்கிறார்கள், விதவை வளர்த்த பிள்ளை என்கிற பொருளில். அறுதலி தாலி அறுத்தவள். முதல் சொல் சேனல் பட்டியலில் இருக்கும், அமுக்கிவிடுவார்கள். அதே வரியில் அடுத்து வருகிற "தாலியறுத்தவளே" அமுங்காமல் வரும். ஓசை வேறாகிவிட்டதல்லவா! பிள்ளை இல்லாதவளை மலடி என்பது, கணவன் வீட்டை விட்டு வந்தவளை வாழாவெட்டி என்பது, "ராசி கெட்டவ காலை வச்சா" என்பது எல்லாம் ஆறரை மணிக்குத் தடையில்லாமல் வீட்டுக்குள் வருகின்றன. கேட்டுக்கொண்டிருக்கிற வீட்டில் பிள்ளை இல்லாத ஒரு மருமகள் இருந்தால், அமுக்கப்பட்ட சொல் அவளை ஒன்றும் செய்திருக்காது. அமுக்காத சொல்தான் அவளைக் குத்தியிருக்கும்.

தே என்று தொடங்குகிற அந்தச் சொல் எப்போதும் அமுக்கப்படும். அது சரிதான். ஆனால் அதன் மூலம் தேவரடியார் என்பதும், சோழர் காலத்தில் கோயில் பணியாளர்களுக்கான மதிப்பான பெயராகக் கல்லில் வெட்டப்பட்ட சொல் அது என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும். சொல் அதே சொல்தான். பொருளை மனிதர்கள் அழுக்காக்கினார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மூதேவி, சனியன், எருமை, கழுதை போன்றவை தொல்காப்பியம் சொன்ன மரீஇய சொற்கள். மூதேவிக்குப் பல்லவர் காலக் கோயில்களில் சிலையே இருக்கிறது. வீட்டில் பாட்டி பேரனைக் கொஞ்சிக்கொண்டே "எருமை" என்பார். இவற்றைத் துரத்திப் பிடிப்பது வீண் வேலை. பொறம்போக்கும் அப்படித்தான். வரி விதிப்புக்கு வெளியே இருக்கிற நிலத்தின் பெயர், வருவாய்த்துறைக் காகிதத்தில் இன்றைக்கும் இருக்கிறது.

ஆனால் "சண்டாளி", "சண்டாளப் பாவி" என்பதை மரீஇய சொல்லாக எண்ணி வசனகர்த்தாக்கள் தாராளமாக எழுதுகிறார்கள். தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளின் பட்டியலில் சண்டாளா என்ற பெயர் இருக்கிறது. அது ஒரு சாதியின் பெயர். கொடியவள் என்ற பொருளில் அதை எழுதும்போது ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரே வசவாகிறது. சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றமாக இருக்கிற நாட்டில், முன்னிரவு சீரியல் எழுதுகிறவர் முதலில் தூக்கி எறிய வேண்டிய சொல் இது. "கொடுமைக்காரி" என்றால் போதும்.

ஏற்காட்டு மலைக்குப் போனால் இதே சங்கதி வேறு உருவத்தில் நிற்கிறது. நாகலூர், வெள்ளக்கடை பக்கம் இருக்கிற மலையாளிப் பழங்குடியினர் கேரளத்துக்காரர்கள் அல்ல. சேர்வராயன் மலையின் மக்கள், தமிழ் பேசுகிறவர்கள். காப்பித் தோட்ட வேலை முடித்து இருட்டுகிற நேரத்தில் வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால், பணக்கார அண்ணி ஏழை மருமகனை "காட்டான்", "மலைக்காட்டுல இருந்து இறங்கி வந்தவன்", "காட்டுவாசி மாதிரி திங்கிறான்" என்கிறாள். அந்த வரிக்கு ஒரு மியூட்டும் கிடையாது. ஓர் இனத்தையும் வட்டாரத்தையும் ஏளனம் செய்யக் கூடாது என்று 6ஆம் விதி சொல்லியிருப்பது இதைத்தான். மாற்றுவது சுலபம். அந்த மனிதன் என்ன செய்தான் என்பதைச் சொன்னால் போதும்: "எச்சில் கையோட பாத்திரத்தைத் தொடுறான்". கோபம் அப்படியே இருக்கும், மலைக்கு அடி விழாது.

இனி அமுக்குகிற வேலை. இதில் நான்கு வழி இருக்கிறது. எழுதும் மேசையிலேயே மாற்றுவது, டப்பிங்கில் மாற்றுவது, எடிட்டிங்கில் மியூட் செய்வது, பீப் போடுவது. அசிங்கம் இதே வரிசையில் கூடிக்கொண்டே போகும்.

மியூட்டை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதில்தான் பிழை அதிகம். நம் ஒளிபரப்பில் ஒரு வினாடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 தனிப் படம், ஆக ஒரு ஃப்ரேம் 40 மில்லி வினாடி. வேகமாகப் பேசும்போது ஓர் அசை 4 அல்லது 5 ஃப்ரேம் பிடிக்கும். "முண்ட" என்று கோபத்தில் இழுத்துச் சொன்னால் 10 முதல் 14 ஃப்ரேம் வரும். வெட்டை எங்கே தொடங்குவது என்பதற்கு நம் பள்ளி இலக்கணமே வழிகாட்டி. சொல் வல்லினத்தில் தொடங்கினால், அதாவது க, த, ப போல இருந்தால், அந்த எழுத்து வெடிப்பதற்கு முன் வாய்க்குள் காற்று அடைபட்டு ஒரு சின்ன அமைதி இருக்கும். வெட்டை அந்த அமைதிக்குள் வைத்தால் தையல் தெரியாது. மெல்லினம் அப்படியில்லை. ம, ந தொடங்கும்போது உதடோ நாக்கோ விலகுவதற்கு முன்பே மூக்கு வழியாக ஓசை கிளம்பிவிடும். எடிட்டர் உதடு திறக்கிற ஃப்ரேமைப் பார்த்து வெட்டினால் "ம்" என்று ஒரு முனகல் மிஞ்சும். அந்த ஒரு முனகல் போதும், கேட்கிறவர் மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்வார். மெல்லினச் சொல்லுக்கு வெட்டை 2 ஃப்ரேம் முன்னால் இழுக்க வேண்டும்.

அடுத்த பிழை ஓட்டை. பின்னணி இசை, மின்விசிறி இரைச்சல், வசனம் எல்லாம் ஒன்றாகக் கலந்த பிறகு மியூட் போட்டால் எல்லாமே சேர்ந்து அறுபடும். நம் சீரியல்களில் வசனத்துக்கு வசனம் இசை முழங்குவதால் அந்த அரை வினாடி ஓட்டை பளிச்சென்று கேட்கும். ஏற்காட்டில் மழை மாதத்தில் டிஷ் வைத்த வீட்டில் சிக்னல் போய்விட்டது என்று செட்டாப் பாக்ஸைத் தட்டுவார்கள். வசன டிராக் தனியாக இருக்கும்போதே, கலப்பதற்கு முன் அமுக்கினால் இசை அதன்மேல் ஓடி மூடிவிடும். கலந்த கோப்பு மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், அதே காட்சியில் யாரும் பேசாத ஒரு வினாடியை எடுத்து, ஓட்டையில் போட்டு, இரு முனையிலும் 1 அல்லது 2 ஃப்ரேம் மங்கலாக இணைக்க வேண்டும். வேறு காட்சியின் அறை ஓசையை எடுத்தால் ஒட்டாது. சமையலறைக்கும் கூடத்துக்கும் எதிரொலி வேறு.

மூன்றாவது பிழை விகுதி. தமிழ் வசவு தனிச் சொல்லாக நிற்பதில்லை, வால் பிடித்து வரும். சொல்லை மட்டும் வெட்டிவிட்டு "...க்குப் பொறந்தவனே" என்று வாலை விட்டால் என்ன வெட்டினோம் என்பதை நாமே எழுதிக் காட்டிய மாதிரி. தொடரை முழுக்க எடுக்க வேண்டும். அதேபோல அடுத்த வரியில் எதிராளி "என்னையா அப்படிச் சொன்ன?" என்பதற்குப் பதில் அதே வசவைத் திருப்பிச் சொல்லிக் கேட்பார். வசனத் தாளில் ஒரு முறைதான் இருக்கும். படப்பிடிப்பில் கோபத்தில் நடிகர் இரண்டாவது முறை சேர்த்திருப்பார். தாளை வைத்துத் தேடுகிறவர் இரண்டாவதைத் தவறவிடுவார். தாளை நம்பக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை முழு எபிசோடையும் கேட்க வேண்டும். தறி வீடு கேட்பது போலவே கேட்க வேண்டும்.

பீப் வேண்டாம் என்பது என் கட்சி. 1,000 ஹெர்ட்ஸ் சத்தம் காதைக் கூசவைக்கும். விளையாடிக்கொண்டிருக்கிற பிள்ளையும் திரும்பிப் பார்க்கும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 1970இல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர், ஒரு சொல்லின் நடுவில் ஓர் ஒலியை வெட்டி அந்த இடத்தில் இருமலை வைத்துப் போட்டுக் காட்டினார். கேட்டவர்களுக்குச் சொல் முழுதாகவே கேட்டது. வெறும் அமைதியை வைத்தபோது ஓட்டை தெரிந்தது. ஆகவே சொல்லின் நடுவில் மட்டும் குட்டியாக ஒரு பீப் வைப்பது, வசவை மறைப்பதற்குப் பதில் காதுக்குள் அதைக் கட்டி எழுப்பிக் கொடுக்கும். பீப் போட்டே தீர வேண்டுமென்றால் முதல் எழுத்தின் தொடக்கத்திலிருந்து விகுதி முடியும்வரை மூட வேண்டும், வசனத்தைவிட 6 டெசிபெல் தாழ்த்தி.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்த பிறகும் ஒரு வழி திறந்தே கிடக்கும். முன்னோட்டம். அது பெரும்பாலும் வேறு கை வெட்டுவது. டப்பிங் முடியாத, அமுக்காத கோப்பிலிருந்து சூடான வரியைத் தேடி எடுப்பார்கள். எபிசோடில் ஒரு முறை அமுங்கிய சொல், முன்னோட்டத்தில் பகல் முழுக்கப் பல முறை போகும், கார்ட்டூன் இடைவேளையிலும் போகும். மறுநாள் "முன்கதை"க்கும் அதே கதி. சேனலின் செயலியில் ஏற்றுகிற பிரதியும் சில நேரம் பழைய கோப்பாக இருக்கும். மாற்றியதும் பழைய கோப்பின் பெயரையே மாற்றி ஒதுக்கிவிட்டால் இது பெரும்பாலும் நின்றுவிடும்.

மியூட்டைவிட டப்பிங் நல்லது. கன்னடத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் வந்த நடிகைகள் பலர் பிராம்ப்டர், அதாவது வசனம் எடுத்துக் கொடுக்கிறவர், சொல்லச் சொல்லப் பேசிவிட்டுப் போவார்கள், குரல் வேறொருவருடையது. எப்படியும் குரல் பிறகுதான் ஏறுகிறது என்பதால் சொல்லை அங்கே மாற்றலாம். நிபந்தனை இரண்டு: உதடு பொருந்த வேண்டும், நீளம் பொருந்த வேண்டும். உதட்டுக்கு ப, ம இரண்டும் மூடுகிறவை. வ வந்தால் மேற்பல்லும் கீழுதடும் தொடும். நன்னூல் இதையெல்லாம் எழுத்தின் பிறப்பில் சொல்லி வைத்திருக்கிறது. உ, ஊ, ஒ, ஓ வந்தால் குவியும். மற்ற எழுத்துகள் வாய்க்குள்ளேயே முடிந்துவிடுவதால் கேமராவுக்கு அவ்வளவாகத் தெரியாது. நீளத்துக்கு மாத்திரைக் கணக்கைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை. குறில் 1, நெடில் 2, ஒற்று அரை, குற்றியலுகரம் அரை.

"முண்ட" என்பதை வைத்துப் பாருங்கள். மு 1, ண் அரை, ட 1, மொத்தம் இரண்டரை. தொடக்கத்தில் உதடு மூடுகிறது. அங்கே "மண்டு" வைக்கலாம். ம 1, ண் அரை, டு குற்றியலுகரமாதலால் அரை, மொத்தம் 2. உதடு அதே இடத்தில் மூடும், நாக்கும் அதே இடத்தில் மடியும். அரை மாத்திரை குறைவதை டப்பிங் கலைஞர் கடைசி உகரத்தை முழுதாக ஊன்றிச் சொல்லிச் சரிக்கட்டுவார். பொருள்? விதவை என்பது போய் மக்கு என்று ஆகிறது. திட்டு திட்டாகவே இருக்கிறது, ஒருத்தியின் விதியைச் சொல்லிக் காட்டுவது மட்டும் போய்விட்டது.

தே சொல்லுக்கு மாத்திரை ஆறு, இரண்டாவது அசையில் வ. "தேவாங்கே" என்று வைத்தால் தே 2, வா 2, ங் அரை, கே 2, ஆறரை. உதடு அச்சாகப் பொருந்தும். நகைச்சுவைக் காட்சியில் பிரமாதமாக உட்காரும். கணவன் மனைவியை வீட்டைவிட்டு வெளியேற்றுகிற காட்சியில் இதைப் போட்டால் தறிக்காரர் சிரித்துவிடுவார், அத்துடன் காட்சி செத்தது. பொருத்தமான ஓசை எப்போதும் பொருத்தமான சொல்லாகாது. அப்படிப்பட்ட இடத்தில் படத்தை மாற்றுவதுதான் வழி. அந்த 20 ஃப்ரேமுக்குப் பேசுகிறவர் முகத்தை விட்டுக் கேட்கிறவள் முகத்துக்குப் போய்விட்டால் உதட்டுக் கவலையே இல்லை, என்ன வரியையும் வைக்கலாம்: "சீ! என் கண் முன்னாடி நிக்காத".

மலடி, வாழாவெட்டி போன்றவற்றுக்கு மாத்திரை எண்ணி இணைச்சொல் தேடக் கூடாது. அப்படித் தேடினால், வேறு சொல் ஒன்றை வைத்துவிட்டு நினைப்பை அப்படியே விட்டுவைத்ததாகும். வரியையே எடுக்க வேண்டும். அது எழுதும் மேசையின் வேலை.

கேட்கிற வீட்டுக்காரர்கள் செய்யக்கூடியதும் உண்டு. 17 ஜூன் 2021 முதல் கேபிள் விதிகளில் புகாருக்கு மூன்று படி வந்திருக்கிறது. முதல் படி சேனலே. புகார் போன 24 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் அந்தச் சேனல் சேர்ந்திருக்கிற சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு. அதற்கு 60 நாள் கெடு. கதைத் தொடர்கள் போடும் பெரிய சேனல்கள் பலவற்றுக்கு அது பி.சி.சி.சி. எனப்படுகிற ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார்க் குழு, 2011இல் தொடங்கியது, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் இயங்குவது. மூன்றாவது படி மத்திய அரசு. சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கும், சேலம் மாநகரத்துக்குள் போலீஸ் கமிஷனருக்கும் அதிகாரம் இருக்கிறது என்றாலும், ஒரு சொல்லுக்காக அந்தக் கதவைத் தட்டுவதைவிடச் சேனலுக்கு எழுதுவதே வேலைக்கு ஆகும்.

எழுதும்போது "ஆபாசமாகப் பேசுகிறார்கள்" என்று எழுதினால் பதில் பொத்தாம்பொதுவாகத்தான் வரும். சேனல், சீரியல், தேதி, மணி நிமிடத்தோடு, யார் யாரைப் பார்த்துச் சொன்னது, அந்தச் சொல் எழுத்துக்கு எழுத்து, அது 6ஆம் விதியில் எதைத் தொடுகிறது என்று ஐந்து வரி போதும். முன்னோட்டத்தில் வந்ததா எபிசோடில் வந்ததா என்பதைக் கட்டாயம் குறிக்க வேண்டும். இல்லையென்றால் எபிசோடைப் போட்டுப் பார்த்துவிட்டு "அப்படி எதுவும் இல்லை" என்பார்கள். சேனல் ஒளிபரப்பின் பதிவை 90 நாள்தான் வைத்திருக்க வேண்டும் என்பதால் தள்ளிப்போடாமல் அந்த வாரமே அனுப்புங்கள். காட்டான், சண்டாளி, மலடி மூன்றுக்கும் இப்படி எழுதலாம். கெட்ட வார்த்தைப் பட்டியலில் இல்லையே என்று நினைக்க வேண்டாம். விதி பட்டியலைக் கேட்கவில்லை.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வசவை எடுத்தால் காட்சி சப்பென்று போய்விடும் என்ற பயம் தேவையில்லாதது. டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் படக்கம்பெனி நடந்த ஊர் இது, மு. கருணாநிதி வந்து வசனம் எழுதிய ஊர். காரமான வசனத்துக்கு இங்கே பஞ்சம் இருந்ததில்லை. சேலத்துப் பேச்சிலேயே ஒரு கத்தி இருக்கிறது, அதை யாரும் எடுப்பதில்லை. இந்தப் பக்கம் மாமியார் மருமகளை "கண்ணு", "சாமி" என்று ஒருமையில் கூப்பிடுவது பாசம். "ங்க" என்பது வெளியாளுக்கான மரியாதை. பாசமாக ஒருமையில் பேசிக்கொண்டிருந்த வாய் திடீரென்று "வாங்க" என்றால் உறவு முடிந்தது என்று அர்த்தம்.

பழைய வரி இப்படி இருக்கும்:

"ஏண்டி மலடி, விளக்கு வச்ச நேரத்துல வாசல்ல நின்னு தரித்திரத்தைக் கூப்பிடுறியா?"

இதை இப்படி மாற்றிப் பாருங்கள். மகனும் மருமகளும் வாசலில் நிற்கிறார்கள். மாமியார் மகனைப் பார்த்து, "வா சாமி, விளக்கு வச்சாச்சு, உள்ள வா" என்கிறாள். பிறகு மருமகளைப் பார்த்து, "நீங்களும் வாங்க. காப்பி குடிச்சிட்டுப் போலாம்."

"போலாம்" என்ற சொல்லில் எல்லாம் இருக்கிறது. எஸ் அண்ட் பி மேசையில் அமுக்க ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு இயக்குநர்கள் வழக்கமாக மூன்று முறை முகத்தைக் காட்டி இசையை முழக்குவார்கள், அது வேண்டாம். வெறும் அமைதியும் வேண்டாம், தறி ஓடுகிற வீட்டில் அமைதி கேட்காது. வீட்டு ஆட்களுக்கு எவர்சில்வர் டம்ளர், விருந்தாளிக்குக் கண்ணாடி டம்ளர் என்று வைத்துக்கொண்டால், கண்ணாடி டம்ளரை அலமாரியிலிருந்து எடுத்து சமையல் மேடைமேல் வைக்கிற சத்தம் ஒன்று போதும். மைக்கை அந்த மேடைக்குப் பக்கத்தில் வையுங்கள்.